உங்களுக்குத் தெரியுமா? சேற்றில் மிதக்கும் ஆலைத் தளம்

இங்கிலாந்தின் எடேல் கிராமத்தில் தொடங்கி, ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி கிர்க் யெட்டம் வரை சுமார் 430 கி.மீ. நீள்கிறது ‘பென்னைன் வே’ நடைபாதை. பத்திரிகையாளர் டாம் ஸ்டீபன்சன் 1935-இல் முன்வைத்த யோசனை இது. பாதை திறக்கப்பட்டதோ 1965-இல்!

இந்தப் பாதை செல்லும் குன்றுகளில் கால் வைக்கவே ஒரு காலத்தில் போராட வேண்டியிருந்தது. எடேலுக்கு அருகிலுள்ள கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலம், பணக்காரர்கள் க்ரௌஸ் பறவைகளைச் சுடுவதற்கென்றே பூட்டி வைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பகுதித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் தடையை மீறி மேலேறினார்கள். பென்னி ராத்மன் உள்பட ஐந்து பேருக்குச் சிறை. நடக்கும் உரிமைக்காக இவ்வளவு பெரிய விலை!

மேட்டில் இருப்பது கெட்டித் தரையல்ல. பாதி மக்கிய பாசியும் செடிகொடிகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரிய சதுப்பு. நடப்பவர்கள் கூடக்கூட அது குழம்பிச் சேறாகி, அரித்துக்கொண்டு போனது. அதைக் காக்க, மூடப்பட்ட பஞ்சாலைகளின் தளக்கற்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து சதுப்பின் மேல் பரப்பினார்கள். குனிந்து பார்த்தால், இயந்திரங்களை முடுக்கியிருந்த போல்ட் துளைகள் சில கற்களில் இன்றும் தெரியும். மழை பெய்தால் அவற்றில் தண்ணீர் தேங்கி நிற்கும்.