கை மாறும் போன், மாறாத பூட்டு

தீபாவளிக்கு முந்திய இரண்டு நாட்களில் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வரும் பஸ்களில் இருக்கை கிடைப்பது அரிது. புறக்கோட்டைக் கடைகளிலும் வெள்ளவத்தை ஹோட்டல்களிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம் அது. புதுத்துணியோடும் இனிப்புப் பெட்டியோடும் அவர்களின் பைகளில் இன்னொன்றும் வருகிறது. அண்ணன் மூன்று நான்கு வருடம் பாவித்த டச் போன். அவன் புதிதாக ஒன்று வாங்கிவிட்டான், பழையது தங்கச்சியின் படிப்புக்கு. தங்கச்சி ஓ.எல். முடித்ததும் அது அம்மாவிடம் போகும். பணம் முடை வந்த ஒரு மாதத்தில் அம்மாவிடமிருந்து டவுனில் உள்ள போன் கடைக்குப் போகும்.

மலையகத்தில் போன் என்பது இப்படிக் கை மாறிக்கொண்டே இருக்கும் பொருள். காரணம் எளிது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அதற்கு முன், 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டிருந்தது. இறக்குமதியாகும் போனின் விலையும் கூடவே ஏறியது. புதுப் போன் எட்டாத உயரத்துக்குப் போனதால் பழைய போன் லயத்து வீடுகளின் முதன்மைப் போன் ஆயிற்று. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வட்ஸ்அப் குழுக்களுக்கு மாறியபோது, ஒரே போனை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த வீடுகள் பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் அக்கரப்பத்தனையிலும் உண்டு.

இந்தக் கைமாற்றத்தின் நடுவே எல்லோரும் செய்யும் ஒரு வேலை, பெக்டரி ரீசெட், அதாவது போனில் உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது. போன் ஹேங் ஆனால் ரீசெட். ஸ்கிரீன் லொக் பெட்டர்ன் மறந்தால் ரீசெட். விற்பதற்கு முன் ரீசெட். இரண்டு நிமிட வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: போன் யாராலும் திறக்க முடியாத கட்டையாகிவிடும், அல்லது அழிந்துவிட்டதாக நம்பிய படங்கள் முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும்.

முதலில் கட்டையாகும் கதை. 2015இல் வந்த அன்ட்ரொயிட் 5.1இலிருந்து கூகுள் ஒரு பாதுகாப்பைச் சேர்த்தது. போனில் ஒரு கூகுள் கணக்கு இருக்கும்போது, அதை நீக்காமல், பவர் பட்டனையும் வொலியூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி ரீசெட் செய்தால், போன் மறுபடி எழும்பும்போது அதே பழைய கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்கும். சில போன்களில் பழைய ஸ்கிரீன் லொக்கைப் போட்டும் திறக்கலாம். இரண்டும் தெரியாவிட்டால் உள்ளே போக முடியாது. ஐபோனில் இதே போன்ற பூட்டு 2013 செப்டெம்பரில் ஐஓஎஸ் 7 உடன் வந்துவிட்டது. திருடனுக்குப் போன் பயன்படக் கூடாது என்பதற்காக வந்த பூட்டு இது. அந்த வகையில் நல்லது. ஆனால் தோட்டத்தில் இந்தப் பூட்டில் அகப்படுவது பெரும்பாலும் போனின் சொந்தக்காரரே.

ஏன் அப்படி? அந்தக் கணக்கைத் திறந்தவர் யார் என்று கேட்டால் விளங்கும். டவுனில் போன் வாங்கும் நாளில், கடையில் நிற்கும் பையனே ஒரு ஜிமெயில் முகவரியை உண்டாக்கி, தனக்குத் தோன்றிய கடவுச்சொல்லைப் போட்டு, பிளே ஸ்டோரைத் திறந்து, வட்ஸ்அப்பை இறக்கிக் கொடுத்துவிடுகிறான். வாங்கியவருக்கு வட்ஸ்அப் வேலை செய்தால் போதும். அல்லது கொழும்பில் இருந்த அண்ணனின் சொந்தக் கணக்கே போனில் இருக்கிறது. அண்ணன் இப்போது கட்டாரில். கணக்கு என்ற ஒன்று போனுக்குள் இருப்பதே ரீசெட் செய்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. அப்போது காலம் கடந்துவிடும். பெட்டர்ன் மறந்துபோய்க் கடைக்குக் கொண்டுபோன போன் இந்த வகையில்தான் மாட்டுகிறது. பட்டனை அழுத்தி ரீசெட் செய்தால் பெட்டர்ன் போகும், கூடவே படங்கள் எல்லாம் போகும், கூகுள் பூட்டு மட்டும் நிற்கும்.

ஆகவே போன் நன்றாகத் திறந்து வேலை செய்யும்போதே செட்டிங்ஸில் ‘எக்கவுண்ட்ஸ்’ அல்லது ‘கூகுள்’ என்ற பகுதிக்குள் போய் எந்த முகவரி இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. முகவரியை ஒரு கொப்பியில் எழுத வேண்டும். கடவுச்சொல் தெரியாவிட்டால், அந்தப் போனிலிருந்தே மாற்ற முயலலாம். ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் போன் என்பதால் கூகுள் அதை நம்பும் வாய்ப்பு அதிகம். பழகிய போனை விட்டு வேறொரு போனிலிருந்து முயன்றால் கேள்விகள் கூடும். கணக்கில் மீட்பு எண்ணாக இருப்பது யாருடைய நம்பர் என்பதையும் பார்க்க வேண்டும். கடைப் பையனின் நம்பரோ, எப்போதோ தூக்கிப்போட்ட சிம்மின் நம்பரோ இருந்தால், வீட்டில் நிரந்தரமாக இருக்கும் ஒருவரின் நம்பராக அதை மாற்றிவிட வேண்டும்.

இங்கே அவசரப்படக் கூடாது. கடவுச்சொல்லை மாற்றியவர்கள் 24 மணித்தியாலம் கழித்தே ரீசெட் செய்ய வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. இன்னொன்று, இரண்டு வருடமாக எங்கும் பாவிக்கப்படாத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்கத் தொடங்கியிருக்கிறது. இலாச்சியில் அணைந்து கிடக்கும் பழைய போனில் மட்டும் இருந்த கணக்கும், அதில் சேர்ந்திருந்த படங்களும் அப்படியே போய்விடலாம்.

கணக்கு கைக்கு வந்த பிறகு, உள்ளே இருப்பதைக் காப்பாற்றும் வேலை. தோட்டத்து வீட்டின் போனில் என்னென்ன இருக்கிறது என்று யோசித்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும். அடையாள அட்டையின் இரு பக்கப் படங்கள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அரசின் அஸ்வெசும நிவாரணப் பணம் வரும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், எங்கோ ஒரு நாட்டில் வீட்டு வேலை செய்யும் அம்மா அனுப்பிய குரல் பதிவுகள், இறந்துபோன தாத்தாவின் ஒரே படம். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்காகக் கொடுத்த கியூஆர் குறியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கும் ஆட்டோ சாரதிகளும் உண்டு. இவையெல்லாம் காகிதத்தில் இருந்திருந்தால் அந்தக் குடும்பங்கள் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும்.

கூகுள் போட்டோஸில் படங்களை ஏற்றலாம். ஆனால் 2021 ஜூன் 1க்குப் பிறகு ஏற்றுபவை 15 ஜிபி இலவச இடத்துக்குள் எண்ணப்படுகின்றன. லயத்தில் சிக்னல் ஒரு கோடாக இருக்கும்போது, ரீலோட் போட்ட டேட்டாவில் ஆயிரம் படங்களை ஏற்றுவதும் நடக்கிற காரியமல்ல. மெமரி சிப் ஒன்றை வாங்கிப் போட்டு அதில் படங்களைப் பிரதி எடுப்பது மலிவு. பிரதி எடுத்த சிப்பை வேறொரு போனில் போட்டு, படங்கள் உண்மையிலேயே திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சிலர் சிப்பைப் போனின் உள் நினைவகமாக மாற்றிப் பாவிப்பார்கள். அன்ட்ரொயிட் 6இலிருந்து அந்த வசதி உண்டு. அப்படி மாற்றிய சிப்பை அந்த ஒரு போன் மட்டுமே படிக்கும். ரீசெட் செய்தால் அதில் உள்ளவையும் கைவிட்டுப் போகும். தொலைபேசி எண்களைக் கொன்டாக்ட்ஸ் செயலியிலிருந்தே ஒரு கோப்பாக எடுத்து அதே சிப்பில் வைக்கலாம்.

வட்ஸ்அப்புக்குத் தனிக் கவனம் வேண்டும். செட்டிங்ஸில் ‘சட்ஸ்’ என்பதற்குள் ‘சட் பேக்கப்’ இருக்கிறது. எந்த ஜிமெயிலுக்கு பேக்கப் போகிறது என்பதை அங்கே பார்க்கலாம். அது கடைப் பையன் திறந்த கணக்காக இருந்தால், புதுப் போனில் அதே கணக்கு இல்லாமல் பழைய செய்திகள் திரும்பாது. இரட்டை உறுதிப்பாட்டுக்கு ஆறு இலக்கப் பின் வைத்திருப்பவர்கள் அதையும் கொப்பியில் எழுத வேண்டும். போன் மிகப் பழையது என்றால் ரீசெட்டுக்கு முன்பே ஒன்றை விசாரிக்க வேண்டும்: அது வட்ஸ்அப் ஓடும் போனா? 2023 அக்டோபர் 24 முதல் அன்ட்ரொயிட் 5.0க்குக் குறைந்தவற்றையும், 2025இல் ஐஓஎஸ் 15.1க்குக் குறைந்தவற்றையும் வட்ஸ்அப் கைவிட்டுவிட்டது. ஐபோன் 6 அந்த வகையில் விழுகிறது. ரீசெட் செய்தால் புதிதுபோல ஓடும் என்று நம்பிப் பணம் கொடுப்பது வீண்.

இனி இரண்டாவது ஆபத்து. 2014இல் அவாஸ்ட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் ஈபே இணையச் சந்தையில் 20 பழைய அன்ட்ரொயிட் போன்களை வாங்கியது. சாதாரணமாக யாருக்கும் கிடைக்கும் மீட்பு மென்பொருளைக் கொண்டு அவற்றிலிருந்து 40,000க்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. நிரப்பி முடித்த ஒரு கடன் விண்ணப்பமும் அதில் இருந்தது. நான்கு போன்களின் பழைய சொந்தக்காரர் யார் என்பதையே கண்டுபிடிக்க முடிந்தது. அடுத்த வருடம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லோரன்ட் சைமனும் ரோஸ் அன்டர்சனும் ஐந்து நிறுவனங்களின் 21 பழைய போன்களைச் சோதித்தார்கள். எல்லாம் அன்ட்ரொயிட் 2.3 முதல் 4.3 வரையிலானவை. உலகில் 50 கோடி போன்கள் வரை ரீசெட் செய்தாலும் சரியாக அழியாதவையாக இருக்கலாம் என்பது அவர்கள் எட்டிய மதிப்பீடு.

அழித்தது எப்படி மிஞ்சுகிறது? செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவேட்டில் ஒருவரின் பேரை வெட்டிவிட்டால் அவருக்கு நாட்சம்பளம் விழாது. ஆனால் ஆள் லயத்தில்தான் இருப்பார். பழைய போன்களில் ரீசெட் அப்படித்தான் வேலை செய்தது. படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு போய்விடும், படம் அங்கேயே இருக்கும், தேடத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். உள்ளே இருப்பவை என்க்ரிப்ட் செய்யப்பட்ட, அதாவது ஒரு திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதப்பட்ட போன்களில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே ரீசெட் திறவுகோலையே அழித்துவிடுகிறது. மிஞ்சுவதை எடுத்தாலும் படிக்க முடியாது. அன்ட்ரொயிட் 6 காலத்திலிருந்து புதிய போன்கள் என்க்ரிப்ட் ஆகியே வர வேண்டும் என்று கூகுள் விதித்தது. ஆனால் வேகம் குறைந்த மலிவுப் போன்களுக்கு விலக்குக் கொடுத்தது. 2019இல் அன்ட்ரொயிட் 10 வந்த பிறகே அந்த விலக்கு நீங்கியது. நம் டவுன் கடைகளில் கைமாறும் பழைய போன்கள் பல அந்த மலிவு வகைதான் என்பதால் இந்த விலக்கு நம்மைத் தொடுகிறது.

எனவே செட்டிங்ஸில் ‘செக்கியூரிட்டி’ பகுதிக்குள் போய், என்க்ரிப்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவில்லை என்றால் முதலில் நீளமான கடவுச்சொல் ஒன்றை ஸ்கிரீன் லொக்காகப் போட்டு, என்க்ரிப்ட் செய்து, அதன் பிறகே ரீசெட். நீளம் முக்கியம். நாலு இலக்கப் பின் என்றால் பயனில்லை. பழைய போன்களில் திறவுகோல் இருந்த இடமும் சரியாக அழியாமல் போகலாம் என்று கேம்பிரிட்ஜ் ஆய்வு காட்டியிருக்கிறது. இந்த வேலை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். பற்றரி நிறைய சார்ஜ் இருக்க வேண்டும், சார்ஜரும் குத்தியிருக்க வேண்டும். மழையும் காற்றும் அடித்துக் கரண்ட் போய்வரும் இரவில் தொடங்க வேண்டாம். பற்றரி உப்பியிருந்தால் எதையும் தொடங்கவே வேண்டாம். என்க்ரிப்ட் செய்யும் வசதியே இல்லாத போன் என்றால், ரீசெட் செய்த பிறகு கெமராவை வெறும் சுவரைப் பார்க்க வைத்து, நினைவகம் நிரம்பும்வரை வீடியோ பிடித்துவிட்டு மறுபடி ரீசெட் செய்யலாம். பழையவற்றின் மேல் புதியது எழுதப்படுவதால் மீட்பது கடினமாகும். முழு உத்தரவாதம் இல்லை. மிகவும் அந்தரங்கமான படங்கள் இருந்த பழைய போனை விற்காமல் வைத்துக்கொள்வதே மேல்.

ஒன்றைக் கோபத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பழுது பார்க்கக் கொடுத்த போனிலிருந்தோ விற்ற போனிலிருந்தோ படம் எடுத்து ஒரு பெண்ணை மிரட்டுபவன் செய்வது குற்றம், அவமானம் அவனுக்கே. அப்படி நடந்தால் பணம் கொடுத்து மறைக்க வேண்டியதில்லை. பெண்கள் 1938 என்ற எண்ணுக்கும், சிறுவர் சம்பந்தப்பட்டதானால் 1929 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

எல்லாம் ஆன பிறகு, சிம்மையும் மெமரி சிப்பையும் கழற்றி, வங்கிச் செயலிகளிலிருந்து வெளியேறி, செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்கி, செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்ய வேண்டும். பட்டன் வழி வேண்டாம். செட்டிங்ஸில் ரீசெட், பழைய போன்களில் ‘பேக்கப் அண்ட் ரீசெட்’ என்ற பெயரிலும், சம்சுங்கில் ‘ஜெனரல் மெனேஜ்மன்ட்’ என்பதற்குள்ளும் இருக்கும். ஐபோனில் முதலில் ‘ஃபைன்ட் மை’யை அணைக்க வேண்டும். போன் மறுபடி எழும்பி மொழி கேட்கும்போது தமிழைத் தெரிவுசெய்யலாம். ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும்: கூடவே வந்த செயலிகள் பழைய பதிப்புக்குப் போய்விடுவதால் அவற்றைப் புதுப்பிக்க நிறைய டேட்டா போகும். வைஃபை உள்ள இடத்தில் செய்வது சிக்கனம்.

பழைய போன் வாங்குபவர்களுக்கும் இதே கணக்குத்தான். கடையிலேயே போனைப் போட்டுப் பார்த்து, பழைய கணக்கு எதையும் கேட்காமல் முகப்புத் திரை வரை போகிறதா என்று உறுதிசெய்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை, ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி ஓர் இடைவெளி விட்டுச் சேர்த்து, 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அந்தப் போன் இருக்கிறதா என்பது தெரியும். கூகுள் பூட்டை உடைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுத்த போனுக்குள் அவர் எந்த மென்பொருளை ஏற்றினார் என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அந்தப் போனில் வங்கிச் செயலியைப் போடாதீர்கள்.

வீட்டில் ஓ.எல்., ஏ.எல். படிக்கும் பிள்ளைகள் இருக்கிறீர்கள். அம்மாவின் போனை இன்றிரவே வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள ஜிமெயில் முகவரி, கடவுச்சொல், மீட்பு நம்பர் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி, அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் இருக்கும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.