கத்தியும் கேண்மையும்

கூரிய கருவியை நண்பருக்குப் பரிசாக அளித்தல் ஆகாது, அளிப்பின் அது நட்பை அறுத்துவிடும் என்னும் நம்பிக்கை ஐரோப்பிய மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவருவது. அம்மக்களோடு கடல்கடந்து அமெரிக்காவிற்குச் சென்ற வழக்கங்களுள் இதுவும் ஒன்று. இதற்கு அவர் கண்ட பரிகாரமும் எளியதே. கத்தியைப் பெறுபவர் அதனைக் கொடுத்தவர் கையில் ஒரு சதத்தை வைத்துவிடுவார். அவ்வளவில் பரிசு விலைப்பொருளாகிவிடும், நட்பும் அறுபடாது. கத்தி பரிசளிப்போர் சிலர் அந்தச் சதத்தையும் தாமே பெட்டியினுள் ஒட்டி அனுப்புதல் உண்டு. பெறுபவர் அதனைத் திருப்பிக் கொடுத்தாற் போதும். நட்பை அறுக்கும் என்று அஞ்சப்பட்ட பொருளையே நடுவில் வைத்துப் பல்லாயிரவர் தமக்குள் கேண்மை பூண்டிருத்தல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சமுதாய வாழ்விற் காணப்படும் ஒரு விந்தை. கத்தி சேகரிப்போர் எனப்படும் அக்கூட்டத்தாரின் இயல்பும், அவர்தம் வழக்கங்கள் காலந்தோறும் மாறிவந்த வகையும் ஈண்டு ஆராயப்படும்.

தபால் முத்திரை சேகரிப்பவர் தம் அறையில் தனித்திருந்தே தமது கலையிற் புலமை பெறுதல் கூடும். கத்தி சேகரிப்பவருக்கு அஃது இயலாது. கத்தி கையிற் கொண்டு அறியவேண்டிய பொருள். வில்லுக்கத்தி ஒன்றின் அலகைத் திறக்குங்கால் அது தடையின்றிச் செல்கின்றதா, மூடுங்கால் வில்லின் விசையால் நறுக்கென்று ஒலி செய்கின்றதா என்பவற்றைக் கொண்டே அதன் நலம் மதிக்கப்படும். இவற்றை அலகின் நடை என்றும் பேச்சு என்றும் அமெரிக்கர் வழங்குவர். நடையையும் பேச்சையும் படத்தில் அறிதல் எங்ஙனம்? ஆகவே இக்கலையில் ஈடுபட்டார் தொடக்கம் முதலே ஒருவரை ஒருவர் நாடவேண்டியவர் ஆயினர்.

இந்நாட்டத்தின் வேர் அந்நாட்டுக் கிராம வாழ்வில் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் தென் மாநிலங்களிலும் நடு மேற்குப் பகுதியிலும் வில்லுக்கத்தியைச் சட்டைப்பையிற் கொள்ளாத ஆடவரைக் காண்டல் அரிது. தந்தை மகனுக்கு அளிக்கும் முதற் கருவி அதுவே. சிறுவர் அதனைப் பள்ளிக்கூடத்திற்கும் கொண்டுசென்றனர். ஆசிரியர் அதனைத் தவறாகக் கொண்டிலர். சிற்றூர்களில் நீதிமன்ற முற்றத்து மர நிழலில் முதியோர் கூடியிருந்து தேவதாருக் குச்சிகளைச் சீவியவாறு ஊர்க்கதை பேசுவர். இடையிடையே தம் கத்திகளை ஒருவரோடொருவர் மாற்றிக்கொள்வர். இம்மாற்றில் ஏமாற்றுதலும் ஏமாறுதலும் விளையாட்டே. ஒருவர் திறந்து கொடுத்த கத்தியை மற்றொருவர் மூடலாகாது. திறந்தபடியே திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்பதும் அவரிடை நிலவிய ஒரு விதி.

இம்மாற்று வழக்கம் முறையான சேகரிப்பாக மலர்ந்தது 1960களின் பிற்பகுதியிலேயாம். துப்பாக்கிகளைத் தபால் மூலம் விற்பதைக் கட்டுப்படுத்தி 1968இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றியது. அதனால் இடர்ப்பட்ட வணிகரும் சேகரிப்போரும் பலர் கத்தியின்பால் திரும்பினர் எனக் கூறுவர். வேறொரு காரணமும் உண்டு. பென்சில்வேனியா மாநிலத்துப் பிராட்போர்ட் நகரில் இயங்கும் கேஸ் நிறுவனத்தார், தாம் செய்யும் கத்திகளின் அலகடியிற் பொறிக்கும் முத்திரையைக் காலத்துக்குக் காலம் மாற்றிவந்தனர். 1970ஆம் ஆண்டில் அவர் முத்திரையின் கீழ்ப் பத்துப் புள்ளிகளைப் பொறித்தனர். அடுத்துவந்த ஒவ்வோர் ஆண்டும் ஒரு புள்ளியை நீக்கினர். எனவே ஏழு புள்ளி உடைய கத்தி 1973ஆம் ஆண்டினது என்பது பார்த்த அளவில் விளங்கும். அவர்தம் இலக்கங்களும் அத்தகையனவே. 6254 என்னும் இலக்கத்தில் முதலிலக்கம் எலும்புப் பிடியையும், இரண்டாவது அலகுகள் இரண்டு என்பதையும், எஞ்சியவை வடிவையும் சுட்டுவன. கடைத்தெருவில் வாங்கிய ஒரு சிறு கருவி இங்ஙனம் எழுத்தறிவார்க்கு ஒரு கல்வெட்டாக ஆயிற்று. 1972இல் தேசிய கத்தி சேகரிப்போர் சங்கம் தோன்றியது. தெனெசி மாநிலத்துச் சட்டனூகா நகர் அதற்கு நிலைக்களமாயிற்று.

கல்வெட்டு இருப்பின் போலிக் கல்வெட்டும் தோன்றுமன்றோ? பழைய முத்திரையைப் புதிய அலகிற் பொறிப்பாரும், உடைந்த இரு கத்திகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்குவாரும், தேய்ந்த அலகை மெருகேற்றிப் புத்தம் புதியதென விற்பாரும் பெருகினர். இவரிடமிருந்து புதியவரைக் காத்தவர் மூத்த சேகரிப்போர். பிடியின் நிறத்தில் உள்ள சிறு வேறுபாடு, ஆணித்தலையின் புதுமை, தேய்ந்த அலகிற் கூர்மை குன்றாது நிற்கும் எழுத்து ஆகிய இவற்றைக் கண்டு உண்மை தெளிதல் நூலினால் வருவதன்று. ஒருவர் அருகிருந்து காட்டக் காண்பதனால் வருவது. இவ்வகையில் மூத்தார் இளையாரிடையே உண்டாகிய உறவு ஏறத்தாழ ஆசிரிய மாணவ உறவே ஆகும்.

அவர் கற்பித்தவற்றுட் சில நுண்ணியன. பிறர் கத்தியைக் கையில் எடுக்குமுன் இசைவு கேட்டல் வேண்டும். அலகின்மேல் விரல் படலாகாது, வியர்வையின் உவர்ப்பினால் கரியுருக்கிற் கறை படியும். தோலுறையினுள் கத்தியை நெடுநாள் வைத்தலும் ஆகாது, தோலைப் பதனிட்ட பொருள்கள் பித்தளையிற் பச்சைக் களிம்பையும் உருக்கில் துருவையும் விளைவிக்கும். செலுலோயிட் பிடியுடைய பழங்கத்தி இன்னும் கொடியது. அப்பொருள் முதுமையுற்றுச் சிதையுங்கால் வெளிவிடும் ஆவி தன் அலகை மட்டுமன்றி, ஒரே பெட்டியில் உள்ள ஏனைய கத்திகளையும் அரித்துவிடும். ஒரு சேகரிப்பின் பெரும்பகுதி ஒரே ஒரு தீய அயலால் அழிதல் கூடும் என்பதை முன்னரே அறிந்து சொல்ல ஒரு நண்பர் இல்லாதார் படும் இழப்புச் சிறிதன்று.

தொழிற்சாலைக் கத்தியை ஒருபுறம் வைத்துக் கைவினைக் கத்தியை நோக்கின், அங்குக் கேண்மை வேறொரு வடிவு கொண்டு நிற்றல் காணலாம். 1937இல் மிச்சிகன் மாநிலத்து ஏரிக்கரை ஒன்றில், ஒருவர் படகின் பழஞ்சாயத்தைக் கத்தியினாற் சுரண்டுவதையும், அத்தகைய வன்செயலிலும் அக்கத்தி கெடாதிருப்பதையும் றன்டல் என்பார் கண்டு வியந்தார். அது வில்லியம் ஸ்கேகல் என்னும் கொல்லர் செய்தது. அவ்வியப்பினாலே தாமும் அத்தொழில் தொடங்கிய றன்டலின் பட்டறை புளோரிடா மாநிலத்து ஒர்லாண்டோவில் பெரும் புகழ் எய்திற்று. 1950களின் முற்பகுதியில் றொபேட் லவ்லெஸ் என்னும் கப்பற்றொழிலாளி நியூ யோர்க் நகரக் கடையொன்றில் றன்டல் கத்தி கேட்டபோது, ஒன்பது மாதம் காத்திருத்தல் வேண்டும் என விடை வந்தது. காத்திருக்க மனமில்லாத அவர், பழைய பக்கார்ட் மோட்டார் வண்டியின் வில்லுத் தகட்டைப் பெற்றுத் தமக்கு ஒரு கத்தி தாமே செய்துகொண்டார். பிற்காலத்து அமெரிக்க வேட்டைக் கத்தியின் வடிவையே மாற்றியமைத்த கலைஞர் பிறந்த கதை இது. அவர் தம் நுட்பங்களை மறைத்தாரல்லர்; 1977இல் கத்தி செய்யும் முறைபற்றிய நூலொன்றைப் பிறிதொருவரோடு சேர்ந்து வெளியிட்டார்.

மறைக்காமைக்கு மிகப் பெரிய சான்று மேரிலாந்து மாநிலத்து வில்லியம் மொறன் என்பாரிடம் உண்டு. வேறு வேறு உருக்குத் தகடுகளை உலையிற் பற்றவைத்து, மடித்து, மீண்டும் பற்றவைத்து, அமிலத்தில் தோய்த்து அலகில் நீரோட்டம் போன்ற வரிகளைத் தோற்றுவிக்கும் கலை அமெரிக்காவில் அருகிக் கிடந்தது. எட்டுத் தகட்டை ஆறுமுறை மடிப்பின் ஐந்நூற்றுப் பன்னிரண்டு படை ஆகும். ஒரு மடிப்பிற் கசடு புகுந்தாலும் உழைப்பெல்லாம் வீண். மொறன் இதனைத் தனித்து முயன்று கைவரப் பெற்றார். கத்தி செய்வோர் தமக்கென 1970இல் அமைத்துக்கொண்ட குழுமத்தின் காட்சியிலே 1973ஆம் ஆண்டு அக்கத்திகளை அவர் முதன்முதல் வைத்தார். வைத்ததோடு அமையாது, செய்முறையை விளக்கும் கைந்நூலையும் கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக வழங்கினார். தனியுரிமையாக வைத்துப் பெரும்பொருள் ஈட்டக்கூடிய கலையை அன்றே பொதுவாக்கிய இச்செயல், அக்கூட்டத்தார் இன்றும் நன்றியோடு நினைவுகூர்வது.

அக்கத்திகளுக்கு டமஸ்கஸ் என்னும் பெயர் வழங்கிவருதல் சிறிது மயக்கம் தருவது. பண்டைய டமஸ்கஸ் வாளின் வரிகள் மடிப்பினால் வந்தனவல்ல. மூசையில் உருக்கிய இரும்பின் இயல்பினால் வந்தவை. அம்மூசை உருக்குத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து மேற்றிசைக்குச் சென்றது. அதற்கு ஐரோப்பியர் இட்ட வூட்ஸ் என்னும் பெயரே உருக்கு என்னும் நம் சொல்லின் இனச்சொல்லிலிருந்து திரிந்ததென்று அறிஞர் பலர் கருதுவர்.

மொறனும் அவர் நண்பரும் 1976இல் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தை நிறுவினர். அச்சங்கத்தார் நடத்தும் தேர்வு கடுமையானது. தேர்வுக்கு வருபவர் தாம் அடித்த கத்தியினால் தொங்கும் ஓரங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுத்தல் வேண்டும். கட்டட மரத்துண்டை இருமுறை வெட்டித் துணித்தல் வேண்டும். அதன்பின்னும் அவ்வலகு கைம்மயிரை மழிக்கும் கூர்மை உடையதாதல் வேண்டும். ஈற்றில் அலகைப் பட்டடைப் பிடியிற் செருகித் தொண்ணூறு பாகை வளைப்பர்; முறியலாகாது. தேறினார்க்குப் பட்டம் உண்டு, கத்தி கெட்டொழியும். பல நாள் உழைத்துச் செய்ததைத் தம் கையாலேயே வளைத்து அழிக்கும் புதியவரின் அருகில், அதே தேர்வில் முன்னொருகால் நின்ற மூத்தவர் நிற்பார்.

இனி மாற்றங்களைக் கூறலாம். 1981இல் கொலறாடோ மாநிலத்து ஸ்பைடர்கோ நிறுவனத்தார், அலகில் வட்டத் துளையும் பிடியிற் கவ்வியும் உடைய கத்தியொன்றை வெளியிட்டனர். துளையிற் பெருவிரலை ஊன்றி ஒரு கையாலேயே அதனைத் திறக்கலாம். கவ்வியினாற் பையின் விளிம்பிற் செருகலாம். சிறிய மாற்றமாகத் தோன்றினும், எலும்புப் பிடியும் இரட்டை அலகும் உடைய பாட்டன் காலத்துக் கத்தியிலிருந்து ஒரு தலைமுறையே விலகிச் சென்றது. புதியவர் பேச்சு முத்திரையைப் பற்றியதன்று; உருக்கின் கலவை, தோய்ச்சலின் வன்மை, பூட்டின் பொறி ஆகியவற்றைப் பற்றியது. பழையவர் இவற்றை உயிரில்லாத கருவிகள் என்றனர். புதியவர் அவரைப் பொருட்காட்சிச்சாலைக் காவலர் என்றனர். பயன்படுத்தாத கத்தி கத்தியே அன்று என்பார் ஒரு சாரார். ஒருமுறை தீட்டினும் அதன் மதிப்புக் கெட்டது என்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் தத்தம் அளவில் உண்மையாதலின் இவ்வழக்குத் தீர்ந்தபாடில்லை.

நாட்டின் மனப்போக்கும் மாறியது. விசையினால் தானே திறக்கும் கத்தியின் மாநிலங்களிடை வணிகத்தை 1958ஆம் ஆண்டுச் சட்டம் முன்னரே தடுத்திருந்தது. 1990களிற் பள்ளிக்கூடங்கள் கடுமையான விதிகளை மேற்கொண்டபின், சிறுவன் பையிற் காணப்படும் பேனாக்கத்தி குற்றச்சான்று ஆயிற்று. நான்கு அங்குலத்திற்குக் குறைந்த அலகை விமானத்திற் கொண்டுசெல்ல இருந்த இசைவும் 2001ஆம் ஆண்டுச் செப்டெம்பர்க் கொடுமைக்குப் பின் நீங்கிற்று. ஆபிரிக்க யானைத் தந்தத்தின் வணிகத்தைச் சில விலக்குகளோடு தடுத்த 2016ஆம் ஆண்டு விதி, தந்தப் பிடியுள்ள பழங்கத்திகளை விற்றற்கு அரியன ஆக்கியது. யானையின் உயிர் கத்திப் பிடியினும் பெரிதாதலின் இவ்விதியைக் குறைகூறல் எளிதன்று. எனினும், தந்தையிடம் பெற்ற வழக்கத்தை மகனுக்கு அளிக்கத் தயங்கவேண்டிய நிலை வந்தமை பலர் உள்ளத்தை வருத்திற்று. வெளியார் ஐயுற ஐயுற அகத்தார் நெருங்கினர் என்பதும் உண்மை.

ஐயத்தினும் கொடிய சோதனையாக வந்தது பணம். நியூ யோர்க் மாநிலத்து எலன்வில்லில் இருந்த பழம்பெரும் சிறேட் தொழிற்சாலை 2004இலும், கமிலஸ் தொழிற்சாலை 2007இலும் மூடப்பட்டன. தொழிலாளர் வேலை இழந்த அதே வேளையில், அவர் கைபட்ட கத்திகள் கிடைத்தற்கரியன ஆகி விலை உயர்ந்தன. லவ்லெஸ் 2010இல் மறைந்தார். அவர் கத்திகள் பல ஆயிரம் டொலருக்கு விலைபோயின. பென்சில்வேனியா மாநிலத்து டைற்றஸ்வில்லில் 2006இல் தோன்றிய கிறேட் ஈஸ்டேண் நிறுவனம் பழைய முறையிற் சிறு தொகையாகக் கத்திகளைச் செய்கின்றது. வாங்க விழைவார் மிகுதி. அக்கத்தியை வாங்கிய அன்றே மேல்விலைக்கு விற்பாரும் அக்கூட்டத்தினுள் தோன்றினர். நண்பருக்கு வாங்கிய விலைக்கே கொடுத்தல் என்பது எழுதாச் சட்டமாக இருந்த இடத்தில், சந்தை விலை கேட்டல் தவறா என்னும் வினா எழுந்தது. தம் பொருளைத் தாம் விரும்பிய விலைக்கு விற்க எவருக்கும் உரிமை உண்டு. ஆயின் நட்பு விலைக்குத் தாம் கொடுத்த கத்தி மறுவாரமே இருமடங்கு விலைக்கு விற்பனையாதலைக் கண்டவர், அடுத்த கத்தியைக் கொடுக்குமுன் சற்றே தயங்குவர். அத்தயக்கத்திற்கு விலை குறிக்க எச்சந்தையாலும் இயலாது.

இத்தயக்கத்திற்கு மாறான வழக்கங்களும் அவரிடை உள்ளன. சுற்றுக்கத்தி என்று கூறத்தக்க முறை ஒன்று. கத்தி உடையவர் அதனைத் தாம் நேரிற் கண்டிராத ஒருவருக்குத் தபாலில் அனுப்புவார். அவர் சில நாள் அதனை ஆண்டு, குறிப்பெழுதி, அடுத்தவருக்கு அனுப்புவார். இங்ஙனம் பலர் கைமாறிச் சில மாதங்களில் அஃது உடையவரிடம் மீளும். பிணையும் இல்லை, பத்திரமும் இல்லை. அலகிற் புதிய கீறல்கள் சில இருத்தல் கூடும். அவற்றைத் தேய்த்து நீக்காது விட்டுவைப்பாரும் உளர்.

சேகரிப்பவர் ஒருவர் இறந்துபட, பெட்டி பெட்டியாகக் கத்திகள் மனைவியின் கையில் எஞ்சும்போது, அவற்றின் பெறுமதியை அவ்வம்மையார் அறியார். சொற்ப விலைக்குக் கேட்டு வருவார் விரைந்து வருவர். அத்தகைய வேளையில் நண்பர் வந்து மேசையிற் கத்திகளைப் பரப்பி, ஒவ்வொன்றின் முத்திரையையும் புள்ளிகளையும் நோக்கி, உண்மை விலையைத் தாளில் எழுதிக் கொடுப்பர். அவ்வாறு எழுதுபவர் தாம் பல ஆண்டு விரும்பிய கத்தியும் அக்குவியலில் இருத்தல் கூடும். அதன் விலையையும் அவர் குறையாது எழுதி, வாங்க விழையின் ஏனையோர் போலவே அவ்விலையைக் கொடுப்பார்.