கோயிலுக்கு வந்த மோட்டார் யானை

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் யானை ஜெயமால்யதாவைப் பலருக்கும் தெரிந்திருக்கும். அசாமில் இருந்து வந்த யானை அது. 2021-ம் ஆண்டு மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டி புத்துணர்வு முகாமில் அதைப் பாகன் அடிக்கும் வீடியோ வெளியானது. செல்போன்களில் அதைப் பார்த்தவர்கள் பதறினார்கள். யானையை வருத்தாமல் கோயில் விழா நடத்த முடியாதா என்ற கேள்வி எழுந்தது.

அதற்கு ஒரு பதில் 2025 ஜூனில் இதே விருதுநகர் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அருப்புக்கோட்டையில் உள்ள விநாயகர், வராஹி அம்மன் கோயில்களுக்கு 'கஜா' என்ற இயந்திர யானையை நடிகை த்ரிஷாவும் ஒரு விலங்கு நல அமைப்பும் வழங்கினர்.

இதற்கு முன்னோடி கேரளாவில் இருக்கிறது. திருச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலுக்கு 2023 பிப்ரவரியில் பீட்டா இந்தியா அமைப்பு வழங்கிய 'ராமன்' யானைதான் அது. உயரம் சுமார் பத்தரை அடி. எடை 800 கிலோ. செலவு சுமார் 5 லட்சம் ரூபாய். இரும்புச் சட்டத்தின் மேல் ரப்பர் தோல் போர்த்தி இதைச் செய்தவர்கள் அந்த மாவட்டத்துக் கலைஞர்களே.

உள்ளே என்ன இருக்கிறது?

பெரிய கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. இருப்பது 5 மின் மோட்டார்கள். தலை, கண், காது, வாய், வால் ஆகியவை மின்சாரத்தில் அசைகின்றன. தும்பிக்கையை ஒரு சுவிட்ச் மூலம் இயக்குகிறார்கள்.

மோட்டாருக்குச் சுற்றத்தான் தெரியும். காதோ முன்னும் பின்னும் ஆட வேண்டும். என்ன செய்வது? காலால் மிதிக்கும் தையல் மெஷினை நினைத்துப் பாருங்கள். மிதிபலகையின் ஆட்டம் சக்கரத்தின் சுழற்சியாக மாறுகிறது. இதையே தலைகீழாகச் செய்தால் சுழற்சி ஆட்டமாகிவிடும். இந்த அமைப்புக்கு கிராங்க் என்று பெயர். ராஜபாளையம் மில்களில் வேலை பார்க்கும் பிட்டர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

இது ரோபோவா?

உங்கள் கம்ப்யூட்டரில் கீபோர்டு தகவலை வாங்குகிறது, ப்ராசசர் முடிவு செய்கிறது, மானிட்டர் காட்டுகிறது. ரோபோவிலும் இதே மூன்று வேலைகள் உண்டு. சென்சார் வாங்கும், சிப் முடிவு செய்யும், மோட்டார் அசையும். சுவிட்சை மனிதர் அழுத்தினால்தான் தும்பிக்கை அசையும் என்றால், அங்கே முடிவு செய்வது மனிதர்தான். பக்தர் அருகில் வருவதை ஒரு சென்சார் உணர்ந்து தும்பிக்கை தானாக உயர்ந்தால், அதைத் தாராளமாக ரோபோ எனலாம்.

கம்ப்யூட்டர் கண்டுபிடித்த கால்

நெதர்லாந்துக் கலைஞர் தியோ யான்சென், 1990 முதல் வயரிங் பைப்களைக் கொண்டு கடற்கரையில் நடக்கும் உருவங்களைச் செய்து வருகிறார். அவற்றை நடக்க வைப்பது காற்று. கால் குச்சிகளின் நீளம் எவ்வளவு இருந்தால் நடை சீராக வரும்? இதற்கு அவர் அந்தக் காலத்து அடாரி கம்ப்யூட்டரை நாடினார். அது 1500 கால்களை உருவாக்கி, சிறந்த 100-ஐத் தேர்ந்தெடுத்து, அவற்றைக் கலந்து மீண்டும் புதியவற்றை உருவாக்கியது. இரவு பகலாகப் பல மாதங்கள் இந்தக் கணக்கு ஓடியது!

நீங்களும் செய்து பார்க்கலாம்

ஆர்டினோ என்ற சிறிய போர்டு 2005-ல் இத்தாலியில் டிசைன் மாணவர்களுக்காக உருவானது. அதை வாங்காமலே பழகலாம். டிங்கர்கேட் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். சர்க்யூட்ஸ் பகுதியில் ஆர்டினோ போர்டையும் சர்வோ மோட்டாரையும் இழுத்து வையுங்கள். மோட்டாரின் சிக்னல் வயரை 9-ம் பின்னிலும், மற்ற இரண்டை 5 வோல்ட், கிரவுண்ட் ஆகியவற்றிலும் இணையுங்கள். ஆர்டினோ சாப்ட்வேரில் எக்ஸாம்பிள்ஸ் மெனுவில் சர்வோ, அதற்குள் ஸ்வீப் என்ற புரோகிராம் இருக்கும். அதை காப்பி செய்து கோடு பகுதியில் பேஸ்ட் செய்து இயக்குங்கள். மோட்டார் 180 டிகிரி சென்று திரும்பும்.

புரோகிராமில் இரண்டு இடங்களில் வரும் 180-ஐ 40 ஆக மாற்றுங்கள். காது அசைவு தெரியும். டிலே 15 என்பதை 40 ஆக்கினால் அசைவு நிதானமாகும். எந்த எண் யானைக்குப் பொருந்தும் என்பதை கம்ப்யூட்டர் சொல்லாது. யானையைப் பார்த்த கண்தான் சொல்ல வேண்டும். கலைஞரின் வேலை அங்கேதான் இருக்கிறது.

அடுத்த முறை நிஜ யானையைப் பார்க்கும்போது, ஒரு நிமிடத்தில் காது எத்தனை முறை அசைகிறது என்று எண்ணிக் குறித்து வாருங்கள். அந்த எண்ணை வைத்து டிலேயை மாற்றிப் பாருங்கள்.