ஒரே பேரேடு... ரெண்டு பேனா!

கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்து. மூலையில் கண் சிமிட்டிக்கொண்டு ஒரு கோடு. இன்றைய இருபது வயசுப் பையனிடம் காட்டினால், "என்ன சார், கம்ப்யூட்டர் அவுட்டா?" என்று கேட்பான். அவுட் இல்லை தம்பி, அதுதான் டாஸ்! 1981-ல் ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டரோடு வந்திறங்கிய மைக்ரோசாஃப்ட்டின் பிள்ளை. விண்டோஸுக்கு அண்ணன்.

அண்ணன் ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவர் காலத்து சாஃப்ட்வேர்கள்தான் ரிட்டயர் ஆக மாட்டேன் என்கின்றன. டிபேஸிலோ ஃபாக்ஸ்ப்ரோவிலோ யாரோ ஒரு புரோகிராமர் கடைக்கென்றே அளவெடுத்துத் தைத்துக் கொடுத்த பில்லிங் சாஃப்ட்வேர், 1986-ல் பெங்களூரில் தொடங்கிய டாலியின் பழைய டாஸ் பதிப்பு... தைத்துக் கொடுத்தவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ! உள்ளே இருப்பதோ இருபது வருஷத்துப் பாக்கி. யார் கை வைப்பார்கள்?

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின், டாஸ் மெஷினில் வேர்ட்ஸ்டார் 4.0 வைத்துத்தான் எழுதுவதாக 2014-ல் டி.வி. பேட்டியில் சொன்னார். கனடாவின் சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுத்தாளர் ராபர்ட் ஜே. சாயர் இன்னும் ஒரு படி மேலே போய், 2024-ல் வேர்ட்ஸ்டார் 7-ஐ எமுலேட்டரோடு மூட்டை கட்டி எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்துவிட்டார்.

எமுலேட்டர் என்றால்? புதுக் கம்ப்யூட்டருக்குள் பழைய கம்ப்யூட்டராக வேஷம் கட்டி ஆடுகிற சாஃப்ட்வேர். 64 பிட் விண்டோஸ், டாஸ் புரோகிராம்களை நேரடியாக ஓட்டாது. 32 பிட்டிலும் கிடைத்த கடைசி விண்டோஸ் 10. அதற்கும் 2025 அக்டோபரோடு வழக்கமான சப்போர்ட் முடிந்துவிட்டது. ஆகவே பலருக்குக் கதி, 2002-ல் வந்த இலவச டாஸ்பாக்ஸ். அது பிறந்ததே பழைய வீடியோ கேம் ஆடுவதற்காக. அதில் நாம் வசூல் கணக்கை ஆடவிடுகிறோம்!

ஒரு விண்டோ திறந்து வேலை செய்கிறவரை வம்பில்லை. ரெண்டாவது திறக்கும்போதுதான் சனி பிடிக்கிறது.

ஐயாயிரம் எங்கே போச்சு?

திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு பாத்திரக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர். உள் ரூமில் கணக்கர் முன்னால் இன்னொன்று. ரெண்டிலும் டாஸ்பாக்ஸ். ரெண்டும் திறந்திருப்பது நெட்வொர்க்கில் உள்ள ஒரே ஃபோல்டரை.

ஒரு வாடிக்கையாளரின் பாக்கி 12,000 ரூபாய். கணக்கர் அவர் பெயரைத் திறக்கிறார். 12,000. அதே நேரம் கல்லாக்காரரும் திறக்கிறார். 12,000. கட்டிய ஐயாயிரத்தைக் கணக்கர் வரவு வைக்கிறார். ஃபைலில் பாக்கி 7,000 ஆகிறது. கல்லாத் திரையில் இன்னமும் பழைய 12,000-தான். அவர் மூவாயிரத்துக்குப் புது பில் போடுகிறார். பன்னிரண்டும் மூணும் பதினைந்து. சேவ்! ஃபைலில் இப்போது 15,000. இருக்க வேண்டியது 10,000.

"முதலாளி, நான் வரவு வெச்சேங்க!"

"வெச்சா எங்கேய்யா காணோம்?"

எர்ரர் கிடையாது, 'பீப்' சத்தம்கூடக் கிடையாது. ஐயாயிரம் ஆவியாகிவிட்டது. பழி கணக்கர் தலையில். பி.காம். படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். டேலி ஆகாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டு நாலு நாள் தூங்கலாம். 'பணத்தை எடுத்துட்டான்' என்று விழுந்த பேரைத் தள்ள எந்தக் கணக்கும் கிடையாது.

வாட்ச்மேன் லீவு!

ஒரு மெஷின், ஒரு ஆள், ஒரு நேரத்தில் ஒரு வேலை... அப்படித்தான் டாஸ் பிறந்தது. உலகத்தில் தான் ஒருத்தன்தான் என்ற நினைப்பு அதற்கு. ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் வரத் தொடங்கியபோது, 1984-ல் டாஸ் 3.0-வோடு 'ஷேர்' என்று ஒரு குட்டி புரோகிராமைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதற்கு வாட்ச்மேன் வேலை. ஒருவர் ஒரு ஃபைலையோ அதில் ஒரு ரெக்கார்டையோ பூட்டி வைத்திருந்தால், அடுத்தவரை "கொஞ்சம் நில்லுங்க" என்று நிறுத்தும்.

சாதா டாஸ்பாக்ஸில் இந்த வாட்ச்மேன் டூட்டியில் இல்லை. கேம் ஆடுகிறவனுக்கு எதற்கு வாட்ச்மேன்? ரெண்டு விண்டோ திறந்தால் ரெண்டு தனித்தனிப் பொய்க் கம்ப்யூட்டர். ஒன்று இருப்பதே மற்றதற்குத் தெரியாது. பக்கத்து விண்டோவில் புதிதாக உருவான ஃபைல்கூட, கன்ட்ரோலையும் எஃப்4-ஐயும் சேர்த்து அழுத்தினால்தான் இந்த விண்டோவின் பட்டியலில் வரும். அந்த அழகில் இருக்கிறது அறிமுகம்!

புது பில் போடும்போது இன்னும் கூத்து. டிபேஸ் வகை ஃபைலின் தலைப்பிலேயே 'மொத்தம் இத்தனை ரெக்கார்டு' என்று ஒரு எண் உண்டு. ரெண்டு விண்டோவும் அதில் 'ஆயிரம்' என்று படித்தால், ரெண்டும் ஆயிரத்தோராவது இடத்திலேயே எழுதும். ஒரு பில்லின் மேல் இன்னொரு பில்! தேடிக் கொடுக்கிற இண்டெக்ஸோ பெரும்பாலும் தனி ஃபைல். அது ஒன்று சொல்லும், இது ஒன்று சொல்லும். ஒரே பெர்த்துக்கு ரெண்டு பேர் டிக்கெட்டோடு வந்து நிற்கிற கதைதான்.

என்ன செய்யலாம்?

முதல் வழி, வாட்ச்மேன் உள்ள எமுலேட்டருக்கு மாறுவது. 'விடாஸ்' என்று ஒன்று உண்டு. ஆபீஸ் சாஃப்ட்வேருக்காகவே செய்தது. ஃபைல் பூட்டு, ரெக்கார்டு பூட்டு ரெண்டையும் மதிக்கும். இன்னொன்று 'டாஸ்பாக்ஸ்-எக்ஸ்'. அதன் செட்டிங்கில், டாஸ் பகுதியில் 'ஃபைல் ஆக்செஸ் ட்ரைஸ்' என்று ஒரு வரி இருக்கும். நெட்வொர்க்கில் டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ ஓட்டுகிறவர்கள் அதில் 3 போன்ற ஒரு எண்ணைப் போட வேண்டும் என்று அதைச் செய்தவர்களே அழுத்திச் சொல்கிறார்கள். போட்டால், விண்டோஸில் அது எதையும் நடுவில் தேக்கி வைக்காது. நேராக ஃபைலோடு பேசும். பூட்டு கிடைக்காவிட்டால் அத்தனை முறை முயன்று பார்க்கும்.

வாட்ச்மேன் வந்துவிட்டால் மட்டும் போதாது. வீட்டுக்காரர் கதவைப் பூட்டவும் வேண்டுமே! பலர் உபயோகத்துக்கு என்று எழுதிய புரோகிராம்தான் பூட்டு கேட்கும். ஃபாக்ஸ்ப்ரோ என்றால் 'செட் எக்ஸ்க்ளூசிவ் ஆஃப்', 'ஆர்லாக்' என்றெல்லாம் உள்ளே எழுதியிருக்க வேண்டும். ஒருவருக்கென்று எழுதியது, எந்த எமுலேட்டரில் போட்டாலும் ஒருவருக்குத்தான்.

அந்த மாதிரி சாஃப்ட்வேருக்கு ரெண்டாவது வழி, டோக்கன்.

1928-லிருந்து பொன்மலைப் பணிமனையைப் பார்க்கிற திருச்சிக்காரர்களுக்கு ரயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக ரெண்டு ரயில் வந்து நிற்காமல் அந்தக் காலத்தில் எப்படித் தடுத்தார்கள்? ஸ்டேஷன் மாஸ்டர் ரூமில் ஒரு பெட்டி. அதற்குள் உலோக உருண்டைகள். அடுத்த ஸ்டேஷன் பெட்டியோடு மின்சாரத்தால் பிணைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு உருண்டைதான் வெளியே வரும். அதை வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் ரயில் நகராது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1960-களில் கம்ப்யூட்டருக்கு இப்படியொரு முறை கண்டுபிடித்தபோது வைத்த பெயரே 'செமஃபோர்'. அதாவது, ரயில்வே கைகாட்டி!

கடைக்கு உருண்டையெல்லாம் வேண்டாம். எமுலேட்டர் ஐகானுக்குப் பின்னால், விண்டோஸில் நாலு வரி பேட்ச் ஃபைல் போதும். முதல் வரி, பொது ஃபோல்டருக்குள் 'டோக்கன்' என்ற பெயரில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்க முயலும். ஏற்கெனவே இருந்தால் விண்டோஸ் மறுத்துவிடும். உடனே 'உள்ளே ஆள் இருக்கு' என்று காட்டிவிட்டு மூடிக்கொள்ள வேண்டும். உருவானால் எமுலேட்டர் திறக்கும். வேலை முடிந்து மூடியதும், கடைசி வரி டோக்கனை அழித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. 'டோக்கன் இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் உருவாக்கு' என்று ரெண்டு படியாக எழுதாதீர்கள். பார்ப்பதற்கும் உருவாக்குவதற்கும் நடுவில் இன்னொருவர் நுழைந்துவிடுவார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சீட் காலியா என்று எட்டிப் பார்த்துவிட்டு ஏறுகிறவன் நின்றுகொண்டுதான் போவான். ஜன்னல் வழியே முதலில் துண்டைப் போடுகிறவனுக்குத்தான் சீட்!

கரண்ட் போனால் டோக்கன் அழியாமல் நின்றுவிடும். அப்போது எழுந்து போய், மற்ற சீட்டில் யாரும் உள்ளே இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கையால் அழிக்க வேண்டும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

கடை திருச்சியில். முதலாளி வீடு ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க அவருக்கு ஆசை வரத்தானே செய்யும்? 2022 நவம்பரில் காவிரிப் பாலத்தை ரிப்பேருக்கு மூடி 2023 மார்ச்சில் திறந்தார்களே, அந்த மாதிரி சமயத்தில் ஆசை அவசியமாகவே ஆகிவிடும். உடனே வீட்டு மாப்பிள்ளை ஐடியா கொடுப்பார்: "மாமா, ஃபோல்டரை கூகுள் டிரைவ்ல போட்டுருவோம்!"

வேண்டாம் மாப்பிள்ளை! அது பூட்டாது, நகல்தான் எடுக்கும். கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று. ரெண்டிலும் எழுதினால் ஒன்று மற்றதை விழுங்கும், அல்லது ரெண்டு ஃபைலாகப் பிரிந்து நிற்கும். ரெக்கார்டு ரெக்கார்டாகப் பார்த்துச் சேர்க்க அதற்குத் தெரியாது. டோக்கன் வித்தையும் பலிக்காது. டோக்கனின் நகல் ஆற்றைத் தாண்டி வருவதற்குள் அங்கேயும் ஒருவர் உள்ளே புகுந்திருப்பார். கடைக் கம்ப்யூட்டரின் திரையையே வீட்டிலிருந்து பார்க்கிற ரிமோட் டெஸ்க்டாப் போதும். பேரேடு கடையிலேயே இருக்கும், பார்வை மட்டும் பாலம் தாண்டும்.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று உண்டு. முழு ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக அடைத்த 'டிஸ்க் இமேஜ்', அதை ஒரே நேரத்தில் ரெண்டு எமுலேட்டரில் மாட்டுவது. போவது ஒரு பில் அல்ல, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையே கலைந்துவிடும். க்யூஎமு என்ற எமுலேட்டர், 2017-ல் வந்த 2.10 பதிப்பிலிருந்து அப்படி மாட்டினால் தானே தடுக்கப் பார்க்கிறது. எல்லா எமுலேட்டருக்கும் அந்தப் புத்தி உண்டு என்று நம்ப வேண்டாம்.

சாயங்காலம் எல்லா விண்டோவையும் புரோகிராமிலிருந்து முறையாக வெளியே வந்து மூடுங்கள். மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால், ஃபைலுக்குப் போய்ச் சேராத கடைசி பில் அந்தரத்தில் போய்விடும். பிறகு டேட்டா, இண்டெக்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து, தேதியிட்ட ஃபோல்டரில் நகல் எடுங்கள். பெயருக்கு டாஸ் கொடுப்பது எட்டே எழுத்து. 20260331 என்று தேதி போட்டால் கச்சிதமாக எட்டு!

அந்த நகலுக்கு இன்னொரு நகல் எடுத்து ஒரு சோதனை செய்யுங்கள். ரெண்டு விண்டோவில் ஒரே வாடிக்கையாளரைத் திறந்து, ரெண்டிலும் தொகையை மாற்றிப் பாருங்கள். ரெண்டாவது விண்டோ 'வேறொருவர் உபயோகத்தில் உள்ளது' என்று முறைத்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். சிரித்த முகத்தோடு அனுமதித்தால், டோக்கன் போடாமல் நாளைக்குக் கடையைத் திறக்காதீர்கள்!