சகாத்தோன்: ஆழ்குழியில் ஸ்கூபா

மெக்சிகோவின் வடகிழக்கில், தமௌலிபாஸ் மாநிலத்தில் உள்ள சகாத்தோன், உலகின் மிக ஆழமான நீர்க்குழிகளுள் ஒன்று. எரிமலைச் செயல்பாட்டால் அமிலத்தன்மை ஏறிய வெந்நீர் அடியிலிருந்து சுண்ணாம்புப் பாறையை அரிக்க, மேல்கூரை இடிந்து விழுந்து இக்குழி உருவானது. வாய் சுமார் 100 மீட்டர் அகலம். நீர் ஏறத்தாழ 30 டிகிரி வெதுவெதுப்பு. கந்தக வாடை வீசும். நீர்ப்பரப்பில் புல் தீவுகள் மிதக்கின்றன.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் நீரழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும். ஸ்கூபா ரெகுலேட்டர் அந்தந்த ஆழத்தின் அழுத்தத்துக்கு ஈடாகவே காற்றைத் தருவதால், ஆழம் கூடக்கூட உருளை வேகமாகக் காலியாகும். 200 வளிமண்டல அழுத்தத்தில் நிரப்பிய 12 லிட்டர் உருளையில் 2,400 லிட்டர் காற்று அடங்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அது நீர்மட்டத்தில் 2 மணி நேரம் வரும்; 90 மீட்டரில் 12 நிமிடம்தான்.

சாதாரணக் காற்றுடன் இவ்வளவு ஆழம் பாதுகாப்பாகப் போக முடியாது. அழுத்தத்தில் நைட்ரஜன் மதுவைப் போல மயக்கும். ஆக்சிஜன் நஞ்சாகி வலிப்பு வரவழைக்கும். ஆகவே இரண்டையும் குறைத்து ஹீலியம் கலக்கிறார்கள். ஆக்சிஜன் மிகக் குறைந்த அந்தக் கலவையை நீர்மட்டத்தில் சுவாசித்தால் நினைவு தப்பும். ஹீலியமும் முழுத் தீர்வல்ல: சுமார் 150 மீட்டரைத் தாண்டி வேகமாக இறங்கினால் கை நடுக்கம் தொடங்கலாம்.

இறங்குவது நிமிடக் கணக்கு. ஏறுவது மணிக் கணக்கு. உடலில் கரைந்த வாயு குமிழிகளாகாமல் வெளியேற, பல இடங்களில் நின்று நின்றே ஏற வேண்டும். இதற்காக வழிகாட்டிக் கயிற்றில், ஆழத்துக்கேற்ற கலவை நிரப்பிய உருளைகளை முன்பே கட்டி வைப்பார்கள். கடைசியாக 6 மீட்டரில் தூய ஆக்சிஜன். தலைக்கு மேல் பாறை இல்லாவிட்டாலும், நடுவில் நேராக மேலே வந்துவிட முடியாது.

1994 ஏப்ரலில் அமெரிக்கர்களான ஜிம் பௌடனும் ஷெக் எக்ஸ்லியும் தனித்தனிக் கயிறுகளில் இங்கே இறங்கினர். பௌடன் 282 மீட்டர் தொட்டுத் திரும்பினார். குகை முக்குளிப்பின் முன்னோடியான எக்ஸ்லி உயிரிழந்தார். 2007இல் நாசா நிதியில் உருவான டெப்த்எக்ஸ் என்ற தானியங்கி ரோபோ குழியை ஒலியலைகளால் அளந்து, அதன் அடித்தளம் 319 மீட்டரில் இருப்பதைக் காட்டியது.