விதையும் வினையெச்சமும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஆங்கில இலக்கணத்தில் ஒரு சிறு பகுதி. அறிவியல் நூல்களில் வரும் ‘டு’ என்னும் சொல்லையும், அதனை அடுத்து நிற்கும் வினையையும் நாம் எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்பதே அது. இலக்கணம் என்றவுடன் வானொலிப் பெட்டியை நிறுத்திவிடாதீர்கள். இந்தச் சிறு இலக்கணத்தை நான் சரிவர அறியாமையால் எங்கள் வீட்டில் ஒரு பருவத்து விதை மண்ணோடு போயிற்று. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் மல்லாங்கிணறு. இன்று அது விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1985-க்கு முன்னர் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கமெல்லாம் பரந்து கிடக்கும் வறண்ட சீமையைச் சேர்ந்தது. வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்தால் விளைவு உண்டு, பெய்யாவிட்டால் இல்லை.

நான் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, புரட்டாசி மாதக் கடைசியில் ஒரு மழை பெய்தது. நிலம் நனைந்ததே அன்றி ஆழ ஊறவில்லை. உடனே விதைப்பதா, அடுத்த மழைக்குக் காத்திருப்பதா என்று என் தந்தையார் தயங்கினார். விடுமுறைக்கு வந்திருந்த என்னிடம் ஓர் ஆங்கிலப் பத்திரிகையைக் கொடுத்து, வானிலைச் செய்தியைப் படித்துச் சொல்லச் சொன்னார். ‘ரெயின் இஸ் லைக்லி டு அக்கர்’ என்று அதில் அச்சிட்டிருந்தது. “மழை வரும் என்று போட்டிருக்கிறது, அப்பா” என்றேன் நான். அவர் சோளம் விதைத்தார். முளை வந்தது, மழை வரவில்லை. சில நாட்களில் பயிர் கருகிவிட்டது.

தந்தையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “ஏப்பா, மழை வரும்னு போட்டிருந்துச்சா, இல்ல வந்தாலும் வரலாம்னு போட்டிருந்துச்சா?” பள்ளிக்கூடத்து வாசலை மிதியாத அவர் கேட்டது, கல்லூரிக்குச் சென்ற நான் கேட்டிருக்க வேண்டிய இலக்கணக் கேள்வி. ‘வரக்கூடும்’ என்பதை ‘வரும்’ என்று ஆக்கியது பத்திரிகை அன்று, நான்.

அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கும் தமிழ் மாணவர்க்குக் கலைச்சொற்களே பெரிய இடர் என்று பலரும் எண்ணுகிறார்கள். கலைச்சொல் கடினந்தான். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணாக்கருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கவும் செய்தார். வேதியியலைப் பற்றிய ‘கெமிஸ்தம்’ என்னும் தமிழ் நூல் அவர் முயற்சியால் 1875-இல் வெளிவந்தது. அத்தகைய பெருமுயற்சிகளின் பயனாக இன்று நம்மிடம் கலைச்சொல் அகராதிகள் பல உள்ளன. தெரியாத சொல்லை அகராதியில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால், சொல்லையும் சொல்லையும் பிணைக்கும் மூட்டு எந்த அகராதியிலும் அகப்படாது. ‘டு’ அத்தகைய மூட்டு.

‘டு’ என்பதை அடுத்து வினையின் அடிவடிவம் வரும் தொடரை ஆங்கில இலக்கணத்தார் ‘இன்ஃபினிட்டிவ்’ என்பர். அவ்வினை காலமும் காட்டாது. செய்பவன் யார் என்றும் காட்டாது. தமிழில் இதற்கு மிக அணுக்கமானது ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம். ‘நீர் இறைக்கச் சென்றான்’ என்பதில் ‘இறைக்க’ என்பது அது. ஆயினும் ஒன்றை நினைவில் வையுங்கள். நன்னூல் வினையெச்சத்திற்குச் செய்து, செய்பு, செய, செயின், செய்யிய, வான், பான், பாக்கு முதலாகப் பன்னிரண்டு வாய்பாடுகளைக் கூறுகிறது. நாம் பல வாய்பாடுகளுக்குப் பகிர்ந்தளித்த வேலைகளில் பலவற்றை ஆங்கிலம் ஒரே ‘டு’வின் தலையில் ஏற்றிவிட்டது. ஆகவே, ‘டு’ வந்த இடமெல்லாம் ‘செய்வதற்காக’ என்று எழுதுவது தவறாகும். அறிவியல் ஆங்கிலத்தில் அது செய்யும் வேலைகளுள் முக்கியமான நான்கினைப் பார்ப்போம்.

முதலாவது, நோக்கம். ‘மழையை அளக்க மழைமானியைப் பயன்படுத்துகிறோம்’ என்னும் பொருளில் ‘டு மெஷர் ரெயின்ஃபால்’ என்று ஆங்கிலத் தொடர் தொடங்கும். அளப்பவர் மனிதர், அவருக்கு ஒரு நோக்கம் உண்டு. ஆதலின் இங்கே ‘அளக்க’ என்றோ ‘அளப்பதற்கு’ என்றோ கூறுவது முற்றும் பொருந்தும்.

இரண்டாவது, விளைவு. மாணவர் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இது. ‘ஹைட்ரஜன் அண்ட் ஆக்சிஜன் கம்பைன் டு ஃபார்ம் வாட்டர்’ என்று ஒரு வாக்கியம். இதனை, ‘நீரை உண்டாக்குவதற்காக ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்கின்றன’ என்று எழுதுவோர் பலர். நானும் அவ்வாறு எழுதியவனே. நீரை உண்டாக்க வேண்டும் என்று அவ்விரு வாயுக்களும் கூடிப் பேசி முடிவு செய்தனவா? இல்லை. சேர்ந்தன, அதன் விளைவாக நீர் உண்டாயிற்று. ‘ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகின்றன’ என்பதே நேரிய தமிழ்.

எங்கள் ஊர் மண்ணையே மற்றோர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் வகையைச் சேர்ந்த களிமண் மிகுதி. அது நீரை ஏற்றால் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். கோடையில் அம்மண் சுருங்கி, கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுகிறது. இதனை ஆங்கில நூல் ‘ஷ்ரிங்க்ஸ் டு ஃபார்ம் கிராக்ஸ்’ என்று கூறலாம். வெடிப்பு விடுவதற்காக மண் சுருங்கவில்லை; சுருங்குவதால் வெடிக்கிறது.

இங்கே ஒரு சூத்திரம் சொல்கிறேன்; குறித்துக்கொள்ளுங்கள். விளைவைக் காட்டும்போது ஆங்கிலம் முன் நிகழ்ச்சியை முற்றாக வைத்து, பின் நிகழ்ச்சியை ‘டு’வோடு வைக்கிறது. தமிழோ முன் நிகழ்ச்சியை ‘செய்து’ என்னும் எச்சமாக்கி, பின் நிகழ்ச்சியை முற்றாக வைக்கிறது. ஆகவே, நோக்கமாயின் ‘செய’ அல்லது ‘செய்வதற்கு’. விளைவாயின் ‘செய்து’ என்று எழுதி, முற்றை இறுதியில் வையுங்கள்.

இவ்வேறுபாடு நம் காதுக்குப் புதியதன்று. ‘மழை பெய்யக் கண்மாய் நிறைந்தது’ என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வர். ‘நீர் இறைக்கச் சென்றான்’ என்றும் சொல்வர். இரண்டிலும் வருவது ‘செய’ என்னும் எச்சமே. ஆனால், ‘இறைக்க’ என்பது நோக்கம். ‘பெய்ய’ என்பது காரணம். ஒரே வடிவம் இருவேறு பொருள் தருவதை எழுத்தறியாதவரும் மயக்கமின்றி உணர்கிறார்கள். அந்த உணர்வை ஆங்கில நூலைத் திறக்கும்போது நாம் வாசலிலேயே விட்டுவிடுகிறோம் என்பதுதான் குறை.

மூன்றாவது, சான்றின் அளவு. என் தந்தையாரின் சோளத்தைக் கருக்கிய இடம் இதுவே. அறிவியலறிஞர் ஒன்றைக் கூறும்போது, அது எவ்வளவு உறுதியானது என்பதையும் உடன் கூறுகிறார். அந்த அளவு ‘டு’விற்கு முன்னே நிற்கும் சொல்லில் இருக்கிறது. ‘இஸ் நோன் டு’ என்றால் நன்கு அறியப்பட்டது. ‘வாஸ் ஃபவுண்ட் டு’ என்றால் ஆய்வில் கண்டறியப்பட்டது. ‘இஸ் பிலீவ்ட் டு’ என்றால் அவ்வாறு கருதப்படுகிறது, இன்னும் நிறுவப்படவில்லை. ‘சீம்ஸ் டு’ என்றால் அவ்வாறு தோன்றுகிறது. ‘இஸ் அஸ்யூம்ட் டு’ என்றால் கணக்கின் பொருட்டு அவ்வாறு கொள்ளப்படுகிறது. ‘இஸ் லைக்லி டு’ என்றால் நிகழக்கூடும். இவை ஓர் ஏணியின் படிகள் போன்றவை. படிகளை எல்லாம் விட்டுவிட்டு உச்சியில் நிற்பவன் போலப் பேசுவது அறிவியல் ஆகாது.

தமிழில் இத்தொடர்களை எழுத ‘ஆக’ என்னும் இறுதி நமக்குத் துணைசெய்கிறது. ‘இவ்வுலோகம் விரிவதாகக் கண்டறியப்பட்டது’, ‘விரிவதாகத் தோன்றுகிறது’ என எழுதலாம். ‘டு’வை அடுத்து ‘ஹேவ்’ வருமானால் நிகழ்ச்சி முற்காலத்தது. செவ்வாய்க் கோளில் ஒரு காலத்தில் நீர் ‘பாய்ந்ததாக’ என்பதற்கும், இன்று ‘பாய்வதாக’ என்பதற்கும் உள்ள தொலைவு, பல நூறு கோடி ஆண்டுகள் அல்லவா? அந்தத் தொலைவு முழுவதும் ‘ஹேவ்’ என்னும் ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

எதிர்மறை வரும்போது இன்னும் விழிப்பு வேண்டும். ஒரு மருந்து ‘இஸ் நாட் நோன் டு’ தீங்கு செய்யும் என்றிருந்தால், அது தீங்கு செய்வதாக இதுவரை தெரியவில்லை என்பது பொருள். ‘இஸ் நோன் நாட் டு’ என்றிருந்தால், தீங்கு செய்யாது என்றே தெரிந்திருக்கிறது என்பது பொருள். முன்னது நம் அறிவின் எல்லையைச் சொல்கிறது. பின்னது மருந்தின் இயல்பைச் சொல்கிறது. ‘நாட்’ என்னும் சொல் ஓரிடம் தள்ளி நின்றதனால் நோயாளிக்கு எவ்வளவு வேறுபாடு பாருங்கள்!

பெரும் அறிஞர்கள் இந்த அளவை எவ்வளவு பேணினர் என்பதற்கு ஒரு சான்று. 1953-இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளின் அமைப்பை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். உயிரியலின் போக்கையே மாற்றிய அக்கட்டுரை, கண்டுபிடித்துவிட்டோம் என்று முழங்கித் தொடங்கவில்லை. ஓர் அமைப்பை முன்மொழிய விரும்புவதாகப் பணிவான ஒரு ‘டு’வோடுதான் தொடங்குகிறது.

நான்காவது, கட்டளை. ஆய்வுக்கூடக் குறிப்புகளில் ‘இஸ் டு பி’ என்று வந்தால் ‘செய்யப்பட வேண்டும்’ என்பது பொருள். ‘ஆசிட் இஸ் டு பி ஆடட் டு வாட்டர்’ என்னும் வாக்கியத்தைப் பாருங்கள். இதில் இரண்டு ‘டு’க்கள் உள்ளன. முதலாவது வினையோடு சேர்ந்து கட்டளையைக் காட்டுகிறது. இரண்டாவது பெயரோடு சேர்ந்து, எதில் சேர்ப்பது என்னும் இடத்தைக் காட்டுகிறது. அமிலத்தை நீரில் சேர்க்க வேண்டும் என்பது பொருள். ஒருவன் இதனை மாற்றிப் பொருள்கொண்டு, அடர்ந்த கந்தக அமிலத்தில் நீரை ஊற்றினால் என்ன ஆகும்? கனமான அமிலத்தின்மேல் நீர் மிதக்க, அங்கே பிறக்கும் கடும் வெப்பத்தால் நீர் திடீரெனக் கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். இலக்கணப் பிழை தேர்வுத்தாளில் மதிப்பெண்ணைக் குறைக்கும். ஆய்வுக்கூடத்தில் கண்ணையே பறிக்கும்.

மாணவச் செல்வங்களே, இனி ஆங்கில அறிவியல் நூலில் ‘டு’வும் வினையும் சேர்ந்து வரக் காணும்போது, உடனே மொழிபெயர்த்துவிடாதீர்கள். சற்று நின்று நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இங்கே யாருக்கேனும் நோக்கம் உண்டா? அல்லது ஒன்றன்பின் ஒன்றாய் நிகழ்ந்த விளைவா? அல்லது ஒரு கூற்றுக்குச் சான்றோர் இட்ட அளவா? அல்லது நாம் செய்ய வேண்டிய கட்டளையா? விடை கிடைத்தபின் தமிழில் எழுதுங்கள். நாள்தோறும் பாடநூலில் ஒரு பக்கத்தை எடுத்து, அதிலுள்ள ‘டு’க்களை இவ்வாறு பிரித்து எழுதிப் பழகினால், சில வாரங்களில் இக்கேள்விகள் தாமாகவே மனத்தில் எழும்.

படித்தவன் சொல்வதை நம்பிச் செயற்படும் மனிதர் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார். மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டச் சொல்லும் பாட்டி இருக்கிறார். பூச்சிமருந்துப் புட்டியில் உள்ளதைக் கேட்கும் சிற்றப்பா இருக்கிறார். ‘கூடும்’ என்று எழுதியிருப்பதைக் ‘கூடும்’ என்றே அவர்களுக்குச் சொல்வது நாம் கற்ற கல்விக்குரிய நேர்மை.

அடுத்த ஆண்டு புரட்டாசியில் தந்தையார் மீண்டும் பத்திரிகையை என்னிடம் நீட்டினார். இம்முறை நான் நிதானமாகப் படித்து, “மழை பெய்யக்கூடும் என்றுதான் இருக்கிறது, அப்பா, பெய்யும் என்று இல்லை” என்றேன். அவர் வானத்தை ஒருமுறை பார்த்தார். விதையில் பாதியை விதைத்தார். மறுபாதியைக் குலுக்கையிலேயே வைத்துக்கொண்டார்.