கோடையை முடித்துவைக்கும் திங்கட்கிழமை

செப்டம்பர் முதல் திங்கட்கிழமையோடு கோடை முடிந்தது என்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. வானியல்படி இலையுதிர்காலம் தொடங்க அதற்குப் பிறகும் இரண்டு வாரமாவது இருக்கும். பேரேரிகளின் தண்ணீரும் அப்போது குளிக்கும் பதத்தில்தான் இருக்கும். ஆனாலும் விழாக்கள் அந்த வார இறுதிக்குள் முண்டியடிக்கின்றன. டெட்ராய்ட்டில் 1980 முதல் நடக்கும் ஜாஸ் இசை விழாவுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. ரோமியோ என்ற சிற்றூரில் 1931இல் தொடங்கிய பீச் பழ விழாவும் அந்த நாட்களில்தான். திங்கள் காலையில், மாநிலத்தின் இரு தீபகற்பங்களை இணைக்கும் ஐந்து மைல் மெக்கினாக் பாலத்தில் பல்லாயிரம் பேர் நடக்கிறார்கள். ஆளுநர் முன்னே செல்வது வழக்கம். அதே பேரேரிப் பகுதியிலுள்ள மின்னசோட்டாவின் 12 நாள் மாநிலச் சந்தையும் அன்றோடு முடிகிறது; 2019இல் அங்கு வந்தவர்கள் 21 லட்சத்துக்கும் மேல். இத்தனையும் ஒரே வார இறுதியில் குவியக் காரணம் வெயிலோ அறுவடையோ அல்ல, சட்டம்தான்.

முதல் சட்டம் 1894இல் வந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1882 செப்டம்பர் 5 அன்று, நியூயார்க்கில் தொழிற்சங்கங்கள் பேரணி நடத்தியிருந்தன. பின்னர் பல மாநிலங்கள் தொழிலாளர் தினத்துக்கு விடுமுறை அளித்தன. சிகாகோவின் புல்மன் ரயில்பெட்டித் தொழிற்சாலையின் வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவிய வேளையில் அதிபர் குரோவர் கிளீவ்லண்ட் செப்டம்பர் முதல் திங்கட்கிழமையில் வரும் அந்தத் தினத்தை நாடு தழுவிய விடுமுறையாக்கினார். 1886 சிகாகோ போராட்டத்தின் நினைவாக உலகம் மே தினம் கொண்டாட, அந்தப் போராட்டம் நடந்த நாடே செப்டம்பரைப் பிடித்துக்கொண்டது! இரண்டாவது சட்டம் மிச்சிகனுக்கே உரியது. அரசுப் பள்ளிகள் தொழிலாளர் தினத்துக்கு முன் திறக்கக் கூடாது என்று 2005இல் இயற்றினார்கள். சுற்றுலாத் துறையின் ஆதரவு அதற்குப் பலமாக இருந்தது. பிள்ளைகள் வீட்டில் இருந்தால்தான் குடும்பங்கள் ஏரிக்கரைக்குக் கிளம்பும். கடைகளில் வேலை பார்க்கும் பதின்வயதினரும் கிடைப்பார்கள்.

பீச் பழுக்கும் காலம் இதுதானே என்று கேட்கலாம். மிச்சிகனில் ஜூலை தொடங்கியே பீச் சந்தைக்கு வந்துவிடுகிறது. பல வாரம் நீளும் பருவத்தில் இந்த மூன்று நாளைத் தேர்ந்தெடுத்தது நாட்காட்டி. மெக்கினாக் பால நடை இதைவிடத் தெளிவான சாட்சி. 1958இல் அது முதலில் நடந்தது ஜூன் மாதத்தில். மறு ஆண்டே தொழிலாளர் தினத்துக்கு மாறிவிட்டது. பாலத்துக்கு ஏது பருவம்? ஆனால் பள்ளிச் சட்டத்தால் விடுமுறைக்காகப் படிப்பைப் பலியிடுகிறார்கள் என்ற கல்வியாளர்களின் குறையை அப்படி எளிதாகத் தள்ள முடியாது. ஆண்டுக்குரிய பள்ளி நாட்கள் இதனால் குறைவதில்லை, தாமதமாகத் தொடங்கும் பள்ளி ஜூனில் தாமதமாக முடிகிறது, அவ்வளவே என்று வாதிடலாம்தான். என்றாலும் வகுப்பு எப்போது தொடங்குவது என்பதை விடுதிக்காரர்களின் வசதி தீர்மானிப்பது சரியல்ல. பல பள்ளி மாவட்டங்கள் விலக்கு வாங்கி ஆகஸ்டிலேயே திறப்பதில் வியப்பும் இல்லை.

போராடிப் பெற்ற நாளைக் கேளிக்கை விழுங்கிவிட்டது என்பவர்களும் உண்டு. டெட்ராய்ட்டில் இந்தக் குற்றச்சாட்டுக்குக் கனம் அதிகம். 1948இல் ட்ரூமனும் 1960இல் கென்னடியும் அதிபர் வேட்பாளர்களாக இந்த நாளில் இந்நகரின் கெடிலாக் சதுக்கத்தில்தான் தொழிலாளர்களிடம் வாக்குக் கேட்டார்கள். ஜாஸ் விழா நடக்கும் ஹார்ட் பிளாசாவிலேயே தொழிலாளர் நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. ஆனால் 1882 பேரணியே பூங்காவில் உணவும் இசையுமாகத்தான் முடிந்தது. ஓய்வும் களிப்பும் அவர்கள் கேட்ட உரிமைக்குள் அடக்கம். எனவே விழாக்களைப் பழிப்பதில் நியாயமில்லை. கேட்க வேண்டிய கேள்வி, அந்த ஓய்வு யாருக்குக் கிடைக்கிறது என்பது. கூட்டம் திரளும் இடமெல்லாம் சமைப்பவரும் துடைப்பவரும் கல்லாவில் நிற்பவரும் அன்று வேலையில்தான் இருக்கிறார்கள். தனியார் துறையில் தொழிலாளர் தினத்தன்று வேலை செய்பவருக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை.